சந்தா விலை ஏறுகிறது, புது வசதி தருகிறார்களாம்: கட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை

சாஃப்ட்வேர் நிறுவனத்திடமிருந்து ‘உங்கள் திட்டத்தில் அற்புதமான புதிய வசதிகள்’ என்று ஒரு மின்னஞ்சல் வந்தால் அதைக் கடைசிப் பத்தியிலிருந்து படியுங்கள். புதிய விலை எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து என்பது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். மேலே இருப்பதெல்லாம் விளம்பரம். அந்தத் தேதியை உடனே காலண்டரில் குறித்துவிட்டு, அதற்கு ஒரு மாதம் முன்னால் இன்னொரு குறி போடுங்கள். கீழே சொல்லப்போகும் வேலைகளுக்கு அந்த ஒரு மாதம் வேண்டும்.

நான் சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் டிசைன் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். யார் எந்த சாஃப்ட்வேரில் வேலை செய்வது, எந்த லைசென்ஸ் எப்போது முடிகிறது, கார்டில் மாதாமாதம் என்ன போகிறது எல்லாம் என் பொறுப்பு. இப்படி ஒரு மின்னஞ்சல் வந்தால் எங்கள் அறையே இரண்டாகப் பிரிந்துவிடும். “நேத்து வரைக்கும் இருந்த அதே சாஃப்ட்வேர்தானப்பா, ஒரு பொத்தானைச் சேர்த்து வச்சதுக்கு மாசா மாசம் கூடுதல் காசா?” என்பார் முதலாளி. “அண்ணாச்சி, அந்தப் பொத்தான் இருந்தா சாமி படத்துக்குப் பின்னாடி கிடக்கிற வயரையும் டியூப் லைட்டையும் எடுக்க அரை மணி நேரம் உட்கார வேண்டாம்” என்பான் டிசைன் பார்க்கும் தம்பி. இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 2013 மே மாதம், போட்டோஷாப் செய்யும் அடோபி நிறுவனம், இனி ஒருமுறை வாங்கிவிட்டு வைத்துக்கொள்ளும் பதிப்பு புதிதாக வராது, எல்லாம் சந்தாதான் என்று அறிவித்ததிலிருந்து இந்தச் சண்டை உலகம் முழுக்க நடக்கிறது. நல்லதா கெட்டதா என்று பேசிக்கொண்டே இருந்தால் ரின்யூவல் தேதி வந்து, கார்டில் பணமும் போய்விடும். அதனால் நான் அந்தப் பேச்சைக் கணக்காக மாற்றிவிடுவேன்.

இணையத்தைத் துண்டித்துப் பாருங்கள்

புதிய வசதிக்கு மாதாமாதம் கேட்பது நியாயமா என்று தெரிந்துகொள்ள நான் வைத்திருக்கும் சோதனை இது. வைஃபையை அணைத்துவிட்டு அந்தப் பொத்தானை அழுத்துங்கள்.

வேலை செய்தால், அது உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஓடுகிறது. அதை எழுதியவருக்குச் சம்பளம் போயிருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் அவர்களுக்குத் தனியாகச் செலவு இல்லை. வேலை செய்யவில்லை என்றால், பெரும்பாலும் நிறுவனத்தின் சர்வர் எங்கோ அந்த வேலையைச் செய்கிறது என்று அர்த்தம்; அதற்கு மின்சாரமும் விலை உயர்ந்த சிப்பும் ஒவ்வொரு தடவையும் செலவாகின்றன. போட்டோஷாப்பில் இரண்டையும் பார்க்கலாம். ஒரு உருவத்தைத் தனியாகத் தேர்ந்தெடுக்கும் வசதியைக் கம்ப்யூட்டரிலேயே ஓடும்படி செட்டிங்கில் மாற்றி வைக்க முடியும். ஒரு இடத்தை அழித்துவிட்டு ஏஐ மூலம் நிரப்பும் ஜெனரேட்டிவ் ஃபில் வசதியோ இணையம் இல்லாமல் அசையாது. அதனால்தான் அதற்கு மாதம் இத்தனை கிரெடிட் என்று அளவு வைத்திருக்கிறார்கள்.

ஓடுகிற செலவு உள்ள வசதிக்கு ஓடுகிற கட்டணம் கேட்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். நம் ஊர் அலுவலகங்களில் கணக்கு எழுதும் டேலி சாஃப்ட்வேர் இப்படித்தான் போகிறது: லைசென்ஸை ஒருமுறை வாங்குகிறோம், புதிய பதிப்புகளுக்கும் இணையத்தோடு சேர்ந்த வசதிகளுக்கும் டிஎஸ்எஸ் என்று வருடாவருடம் தனியாகக் கட்டுகிறோம். கட்டாமல் விட்டாலும் பழைய கணக்குகள் திறக்கும். இதில் யாருக்கும் பெரிய கோபம் வந்து நான் பார்த்ததில்லை. ஏற்கெனவே கையில் இருப்பதைப் பூட்டிவைத்து வாடகை கேட்டால்தான் கோபம் வருகிறது. 2022-இல் பிஎம்டபிள்யூ கார் நிறுவனம் சில நாடுகளில் இருக்கையைச் சூடாக்கும் வசதிக்கு மாதச் சந்தா வைத்தது. சூடாக்கும் கம்பி காரிலேயே இருந்தது. சாஃப்ட்வேர் பூட்டைத் திறப்பதற்குத்தான் காசு. மக்கள் போட்ட சத்தத்தில் அடுத்த வருடமே அந்த யோசனையைக் கைவிட்டார்கள்.

பழைய திட்டம் எங்காவது ஒளிந்திருக்கிறதா

இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மின்னஞ்சலில் இரண்டு வழிதான் சொல்லியிருக்கும்: புதிய விலையைக் கட்டு, அல்லது ரத்து செய். மூன்றாவது வழி ஒன்று இருக்கலாம்.

மைக்ரோசாஃப்ட் விஷயத்தைப் பாருங்கள். 2024 கடைசியில் ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், மலேசியா போன்ற சில நாடுகளிலும், 2025 ஜனவரியில் மற்ற பெரும்பாலான நாடுகளிலும், மைக்ரோசாஃப்ட் 365 பெர்சனல், ஃபேமிலி திட்டங்களில் கோபைலட் என்ற ஏஐ வசதியைச் சேர்த்து விலையை ஏற்றினார்கள். ஆஸ்திரேலியாவில் பெர்சனல் திட்டம் வருடத்துக்கு 109 டாலரிலிருந்து 159 டாலர் ஆனது. ஃபேமிலி 139-இலிருந்து 179. வேர்டும் எக்ஸெலும் மட்டும் போதும் என்று இருந்தவர்களுக்கு இது பெரிய ஏற்றம். அதோடு, ஃபேமிலி திட்டத்தில் பணம் கட்டும் ஒருவருக்குத்தான் அந்த ஏஐ கிரெடிட். குடும்பத்தில் மற்றவர்களுக்குக் கிடையாது. ஏறியது மொத்த விலை, புது வசதி ஒருவருக்கு.

இத்தனைக்கும் கோபைலட் இல்லாத, பழைய விலையிலேயே உள்ள ‘கிளாசிக்’ என்று ஒரு திட்டம் இருந்தது. ஆஸ்திரேலியாவின் நுகர்வோர் ஆணையம் 2025 அக்டோபரில் போட்ட வழக்கின் சாரமே இதுதான்: அந்தத் திட்டம் இருப்பதை மின்னஞ்சலில் சொல்லவில்லை, ரத்து செய்யும் பொத்தானை அழுத்தி உள்ளே போனவர்களுக்குத்தான் அது கண்ணில் பட்டது, இதனால் சுமார் 27 லட்சம் பேர் தவறாக வழிநடத்தப்பட்டார்கள் என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. அடுத்த மாதம் மைக்ரோசாஃப்ட் அங்குள்ள சந்தாதாரர்களிடம் மன்னிப்புக் கேட்டு, கிளாசிக்குக்கு மாறுகிறவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னது.

ஆகவே, விலை ஏறினால் ரத்து செய்யும் வழிக்குள் போய்ப் பாருங்கள். கடைசியாக ‘உறுதி செய்’ என்று கேட்கும் பக்கம் வரை போகலாம், ஒன்றும் ஆகாது. போகிற வழியில் சில நிறுவனங்கள் குறைந்த திட்டத்தைக் காட்டும், சில இரண்டு மாதம் இலவசம் என்னும், சில ஒன்றும் சொல்லாமல் அனுப்பிவிடும். ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அண்ணாச்சியிடம் பேச உதவும், பிறகு நுகர்வோர் புகார் என்று வந்தாலும் உதவும்.

பெயர் மாற்றத்தையும் கவனியுங்கள். 2025-இல் அடோபி வட அமெரிக்காவில் தன் முழுத் தொகுப்புத் திட்டத்தின் பெயரில் ‘ப்ரோ’ சேர்த்து, மாதம் 60 டாலரை ஒட்டி இருந்த விலையை 70 டாலருக்குக் கொண்டுபோனது. ஏஐ வசதி குறைவான ‘ஸ்டாண்டர்டு’ திட்டம் 55 டாலர் அளவில் தனியாக இருந்தது. ஒன்றும் செய்யாமல் இருந்தவர்கள் ரின்யூவலில் தானாக ப்ரோவுக்குப் போய்விட்டார்கள். வேலை அதிகமான மாதத்தில் இப்படி ஒரு மின்னஞ்சல் வந்தால் யார் உட்கார்ந்து படிக்கப்போகிறார்கள்?

எத்தனை பேருக்கு வேண்டும்

ஒரு வாரம், யார் எத்தனை தடவை அந்தப் புதிய வசதியைத் தொட்டார்கள் என்று ஒரு தாளில் கோடு போடச் சொல்லுங்கள். ஆசைப்பட்டு விளையாடியதைச் சேர்க்க வேண்டாம், வாடிக்கையாளருக்குப் போன வேலையில் பயன்பட்டதை மட்டும்.

உதாரணத்துக்கு, விலை ஒரு லைசென்ஸுக்கு மாதம் 600 ரூபாய் ஏறுகிறது, உங்களிடம் ஐந்து லைசென்ஸ் என்று வையுங்கள். வருடத்துக்கு 36,000. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 42,480. நீங்கள் ஜிஎஸ்டி பதிவு செய்திருந்து, பில்லில் உங்கள் எண்ணும் இருந்தால் அந்த 6,480-ஐ வரவு எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் அதுவும் செலவுதான். தாளில் கோடு போட்டுப் பார்த்தால் எங்கள் தொழிலில் படத்தைத் திருத்துகிறவர்களின் பெயருக்கு நேரேதான் கோடு விழும். ராகுகாலம், எமகண்டம், சுபமுகூர்த்த நாள் என்று தேதித் தாளைக் கட்டம் கட்டி அடுக்குகிறவருக்கு ஏஐ தேவையே இல்லை. அப்போது இரண்டு பேருக்கு மட்டும் புதிய திட்டம் என்றால் வருட ஏற்றம் 14,400-தான். எல்லோருக்கும் ஒரே திட்டம் என்று யாரும் கட்டாயப்படுத்தாதபோது நாமே ஏன் கட்டாயமாக்கிக்கொள்ள வேண்டும்?

அந்த இரண்டு பேருக்கும் கட்டத் தகுமா என்பது அடுத்த கேள்வி. தம்பி சொன்ன அரை மணி நேரத்தை எடுத்துக்கொள்வோம். வாரத்துக்கு நான்கு படம் என்றால் இரண்டு மணி நேரம் மிச்சம், மாதத்துக்கு எட்டு மணி நேரம், அதாவது ஒருநாள் வேலை. ஒருநாள் சம்பளம் 600-க்கு மேல் என்றால் கட்டலாம். அண்ணாச்சிக்கு இந்தக் கணக்கு ஒரு நிமிடத்தில் புரிந்தது. வசதியைப் பற்றி நான் பேசியதெல்லாம் அவருக்குப் புரியவில்லை.

மாதத் திட்டமா, வருடத் திட்டமா

வேலை வருடம் முழுக்க ஒரே சீராக இருந்தால் வருடத் திட்டம். எங்களுக்கு அப்படி இல்லை. ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியாகும், அதிலிருந்து மார்கழி வரைக்கும் நிமிர நேரமிருக்காது, பொங்கல் முடிந்தால் மூச்சுவிடலாம். சீசனுக்கு மட்டும் கூடுதலாக ஆள் போடும்போது அவர்களுக்கான லைசென்ஸை எப்படி வாங்குவது என்பதில்தான் நிறையக் காசு போகும் அல்லது மிஞ்சும்.

இங்கே ஒரு பொறி உண்டு. ‘மாதம் இவ்வளவு’ என்று எழுதியிருக்கும் திட்டம் பல நேரம் மாதத் திட்டம் அல்ல. வருடத்துக்கு ஒப்பந்தம், தவணை மட்டும் மாதாமாதம். அடோபியில் அப்படிப்பட்ட திட்டத்தை 14 நாளுக்குப் பிறகு நடுவில் விட்டால் மீதமுள்ள மாதங்களின் தொகையில் பாதியைக் கட்ட வேண்டும். இந்த அபராதத்தை வாங்கும்போது தெளிவாகச் சொல்லவில்லை என்றுதான் 2024 ஜூனில் அமெரிக்க அரசு அந்த நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது.

கணக்கு எளிது. வருட ஒப்பந்தத் தவணை மாதம் 2,000, எப்போது வேண்டுமானாலும் விடக்கூடிய மாதத் திட்டம் 3,000 என்று வையுங்கள். ஐந்து மாதம் மட்டும் தேவை என்றால் மாதத் திட்டத்தில் 15,000. வருட ஒப்பந்தத்தை ஐந்தாம் மாதம் உடைத்தால் 10,000-உம், மீதமுள்ள 14,000-இல் பாதி 7,000-உம் சேர்ந்து 17,000. ஆறு மாதத்தில் இரண்டும் 18,000 என்று சமமாகிவிடும். ஏழாம் மாதத்துக்குப் போனால் அபராதம் கட்டியும்கூட வருட ஒப்பந்தம்தான் மலிவு. விலைப் பக்கத்தில் உள்ள நிஜமான எண்களைப் போட்டு உங்களுக்கு எந்த மாதத்தில் சமமாகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். முழு வருடமும் வேண்டும் என்று உறுதியாகத் தெரிந்தால், விலை ஏறும் தேதிக்கு முன்பே ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டிவிட முடிகிறதா என்றும் கேளுங்கள்.

எதிர்ப்பைத் தெரிவிப்பது எப்படி

‘கொள்ளையடிக்கிறீர்கள்’ என்று எழுதினால் பதில் வராது. வந்தாலும் ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று வரும். எதை மாற்ற வேண்டும் என்று எழுதினால்தான் யாராவது மாற்ற முடியும். இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் ஜெட்பிரெய்ன்ஸ். புரோகிராம் எழுதுகிறவர்களுக்கான கருவிகளைச் செய்யும் நிறுவனம் அது. 2015 செப்டம்பர் தொடக்கத்தில் இனி சந்தா மட்டும்தான் என்று அறிவித்தார்கள். வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள், ஆனால் அவர்கள் பிடித்த பிடி குறிப்பானது: பணம் கட்டுவதை நிறுத்திய மறுநாளே என் கருவி நின்றுபோனால் என் தொழில் என்ன ஆகும்? இரண்டு வாரத்தில் நிறுவனம் இறங்கி வந்தது. தொடர்ந்து 12 மாதம் கட்டியவருக்கு, அந்த 12 மாதம் தொடங்கியபோது இருந்த பதிப்பு நிரந்தரமாகச் சொந்தம் என்று ஏற்பாடு செய்தார்கள். விட்டால் புதிய வசதிதான் வராது, கையில் இருப்பது போகாது. சந்தா என்றால் இப்படி இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

யூனிட்டி கதை வேறு மாதிரி. விளையாட்டுச் செயலிகள் செய்யப் பயன்படும் அந்த சாஃப்ட்வேருக்கு, விளையாட்டு ஒவ்வொரு முறை இன்ஸ்டால் ஆகும்போதும் கட்டணம் என்று 2023 செப்டம்பரில் அறிவித்தார்கள். ஏற்கெனவே வெளியான விளையாட்டுகளுக்கும் அது பொருந்தும் என்பதுதான் எல்லோரையும் எரிச்சலூட்டியது. பத்து நாளில் பாதி பின்வாங்கினார்கள், அடுத்த மாதம் தலைமை அதிகாரி பதவி விலகினார், ஒரு வருடம் கழித்து அந்தக் கட்டணத்தையே ரத்து செய்தார்கள். அதே மூச்சில் ப்ரோ சந்தாவை 8 சதவீதமும் எண்டர்பிரைஸ் சந்தாவை 25 சதவீதமும் ஏற்றினார்கள். அதற்கு அவ்வளவு சத்தம் எழவில்லை. எவ்வளவு என்பதைவிட எப்படி வாங்குகிறார்கள் என்பதில்தான் வாடிக்கையாளருக்கு ரோஷம் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

எழுதும்போது இந்த அளவு போதும்:

“நாங்கள் தொடர்ந்து ஐந்து லைசென்ஸுக்குப் பணம் கட்டிவருகிறோம். புதிய ஏஐ வசதிகள் எங்களில் இருவருக்குத்தான் பயன்படும். மற்ற மூன்றை அந்த வசதி இல்லாத திட்டத்துக்குப் பழைய விலையில் மாற்றித் தர முடியுமா? முடியாதென்றால், ரின்யூவல் தேதியில் அபராதம் இல்லாமல் அந்த மூன்றையும் நீக்க நாங்கள் எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும்?”

இதை நிறுவனத்துக்கும் அனுப்புங்கள், உங்களுக்கு விற்ற டீலர் இருந்தால் அவருக்கும் அனுப்புங்கள். டீலருக்குத்தான் பதில் சொல்லும் அவசரம் இருக்கும்.

கார்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டிலோ யூபிஐயிலோ தானாகப் போகும் சந்தாவுக்கு 24 மணி நேரம் முன்பே வங்கி தகவல் அனுப்ப வேண்டும். யாருக்கு, எவ்வளவு, எப்போது என்று அதில் இருக்கும். 15,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஓடிபியோ யூபிஐ பின்னோ இல்லாமல் போகாது. அனுமதி கொடுக்கும்போது அதிகபட்சத் தொகை ஒன்றை வைக்க முடிந்தால், இப்போதைய விலைக்குச் சற்று மேலே மட்டும் வையுங்கள். விலை ஏறினால் பணம் தானாகப் போகாமல் உங்களிடம் கேள்வியாக வரும். அலுவலகக் கார்டுக்கு எந்த எண்ணைக் கொடுத்திருக்கிறீர்கள் என்றும் பாருங்கள். வேலையை விட்டுப்போன ஆளின் போனுக்கு அந்த எஸ்எம்எஸ் போய்க்கொண்டிருந்தால் விதி இருந்தும் பயனில்லை.

ஒரு எச்சரிக்கை. வங்கியில் அனுமதியை ரத்து செய்வதும் சந்தாவை ரத்து செய்வதும் ஒன்றல்ல. வருட ஒப்பந்தம் பாக்கி இருந்தால் நிறுவனம் அதைக் கேட்கலாம். முதலில் நிறுவனத்தின் பக்கத்தில் ரத்து செய்து, உறுதி மின்னஞ்சலைச் சேமித்துவிட்டு, அப்புறம் வங்கியில் நிறுத்துங்கள்.

ரத்து செய்யவே விடாமல் சுற்றவிட்டால் அதற்கும் விதி இருக்கிறது. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதலில் 13 ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிட்டு அவற்றைத் தடைசெய்திருக்கிறார்கள். சந்தாவிலிருந்து விலக முடியாதபடி சிக்கவைப்பது அவற்றில் ஒன்று. நுகர்வோர் உதவி எண் 1915. முன்பு எடுத்துவைத்த ஸ்கிரீன்ஷாட்டுகளுக்கு இப்போது வேலை.

விட்டுப் போவதென்றால்

மாற்று இருக்கிறதா என்பதை விலை ஏறிய கோபத்தில் முடிவுசெய்யாதீர்கள், ஒரு நிஜ வேலையைச் செய்து பாருங்கள். அலுவலக வேலைக்கு லிப்ரே ஆஃபீஸ் இலவசம். மைக்ரோசாஃப்டே வேண்டும் என்றால் ஒருமுறை வாங்கும் ஆஃபீஸ் 2024 உண்டு, ஒரு கம்ப்யூட்டருக்கு, 2029 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் வரும். வடிவமைப்புக்கு அஃபினிட்டி இருக்கிறது. கேன்வா நிறுவனம் அதை 2024-இல் வாங்கி, 2025 அக்டோபர் இறுதியில் இலவசமாக்கிவிட்டது. ஏஐ வசதிகள் மட்டும் கேன்வாவின் கட்டணத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு. வைஃபை சோதனை சொல்லும் பிரிப்பும் கிட்டத்தட்ட இதுதான்.

தமிழில் வேலை செய்கிறவர்கள் எந்தப் புதிய சாஃப்ட்வேரையும் வாங்குவதற்கு முன், யூனிகோடில் ‘ஸ்ரீ’, ‘கொ’, ‘கௌ’, ‘க்ஷ’ நான்கையும் தட்டிப் பாருங்கள். கொம்பு தனியாகவும் எழுத்து தனியாகவும் நின்றால் அங்கேயே மூடிவிடலாம், விலை என்னவாக இருந்தாலும் சரி. பழைய எழுத்துருக்களில் செய்த ஃபைல்களை எழுத்துருவோடு சேர்த்து எடுத்துவையுங்கள். பக்கம் அமைக்கும் இன்டிசைன் சாஃப்ட்வேரின் ஃபைல்களை ஐடிஎம்எல் என்ற வடிவிலும் சேமியுங்கள், மற்ற சாஃப்ட்வேர்களில் திறக்க அதுதான் வழி. அச்சுக்குப் போன ஒவ்வொன்றுக்கும் எழுத்துகளை அவுட்லைனாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக, மாற்றிய ஒரு பிடிஎஃப் வேண்டும். நிறுவனத்தின் கிளவுடில் கிடப்பதை இறக்கி ஹார்ட் டிஸ்கில் போடுங்கள், சந்தா முடிந்தால் அங்கே இடம் சுருங்கிவிடும். இதையெல்லாம் சந்தா உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டும். எங்கள் அச்சகத்தில் இதைத் தை மாதத்தில் வைத்துக்கொள்கிறோம், அப்போதுதான் கம்ப்யூட்டர்கள் சும்மா இருக்கும்.